பேட்டரியை நகர்த்துவதா, ஈயம் ஒட்டுவதா?

ஆர்சி விமானத்தில் (ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம்) வால் கனமாக இருக்கிறதா? பேட்டரியை முன்னே தள்ளலாம், இல்லை மூக்கில் ஈயத்துண்டு ஒட்டலாம். என் ஓட்டு பேட்டரிக்குத்தான். 1 கிலோ டிரெய்னரில் (பழகுவதற்கான விமானம்) 180 கிராம் லிப்போ பேட்டரியை 2 செ.மீ. முன்னே தள்ளினால் எடை மையம் சுமார் 3.6 மி.மீ. முன்னே வரும், மொத்த எடையோ ஒரு கிராம்கூட ஏறாது. அதே வேலைக்கு ஈயம் என்றால் எடை மையத்திலிருந்து 18 செ.மீ. முன்னால் 20 கிராம் ஒட்டவேண்டும், அந்தச் சுமையை இறக்கை எப்போதும் தூக்கியாக வேண்டும்.

பேட்டரி அறையில் இடமே இல்லையா, அப்போது ஈயம்தான் கதி. அதில் ஒரு நிம்மதியும் உண்டு, ஒழுங்காக ஒட்டினால் நகராது. பேட்டரி அப்படியில்லை, வெல்க்ரோ தளர்ந்திருந்தால் செங்குத்தாக ஏறும்போது பின்னால் வழுக்கிவிடும். அதனால் மேலே ஒரு பட்டையும் கட்டி, அது நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்.

அப்புறம், எந்த வழியானாலும் பேட்டரியை உள்ளே வைத்துத்தான் சோதிக்கவேண்டும். மேனுவலில் எடை மையம் என்று சொன்ன புள்ளியில், இறக்கைக்கு அடியில் இரு பக்கமும் விரலால் தாங்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் முதல் பறப்புக்குப் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் பறக்கவே விடாதீர்கள்.