கேட்டோ என்-ஸ்கேல் ஸ்டார்ட்டர் செட்: ஹெச்ஓ ஆட்களுக்கு ஒத்துவருமா?

ஹெச்ஓ, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவுள்ள மாடல் ரயில், வைத்திருக்கிற எல்லோருக்கும் இருக்கிற ஒரே குறை இடம்தான். 18 அங்குல ஆரத்தில் வட்டம் போட்டாலே குறுக்களவு ஒரு மீட்டரை நெருங்கிவிடும், ஃபிளாட்டில் இருந்துகொண்டு அதற்கு மேல் எங்கே போவது, கட்டிலைத் தூக்கி வெளியே போட முடியுமா? நான்கு பெட்டியை மாட்டினால் ரயில் தன் வாலைத் தானே துரத்த ஆரம்பித்துவிடுகிறது. அதனால்தான் ஜப்பானிய மாடல் ரயில் நிறுவனமான கேட்டோவின் என்-ஸ்கேல் (ஹெச்ஓவை விடச் சின்னது, பொதுவாக நிஜத்தில் 160இல் ஒரு பங்கு) ஸ்டார்ட்டர் செட்டை வாங்கினேன். ஜப்பானின் இஎஃப்210 மின்சார லோகோ (எஞ்சின்), கன்டெய்னர் வேகன்கள், ஒரு நீள்வட்ட டிராக், டிராக்குக்கு மின்சாரம் தந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் பவர் பேக், எல்லாம் ஒரே பெட்டியில்.

முதலில் டிராக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், காசு கொடுத்ததற்கு முழு நியாயம் செய்வது அதுதான். யூனிட்ராக் என்று பெயர். தண்டவாளம், கட்டை, ஜல்லி எல்லாம் சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் துண்டுகள், இரண்டை நேராக வைத்துத் தள்ளினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும், மின்சாரமும் அதே இணைப்பு வழியாகவே போய்விடும். வளைவின் ஆரம் 315 மி.மீ., ஆக மொத்த அகலம் சுமார் 66 செ.மீ. சாப்பாட்டு மேஜையில் விரித்து ஓட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு முன் சுருட்டி வைத்துவிடலாம். வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை, இது எனக்கே புதிது.

குறை இல்லாமல் இல்லை. தண்டவாளத்தின் உயரம் 2 மி.மீ. கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும், ஆனால் 160ஆல் பெருக்கிப் பாருங்கள், 32 செ.மீ. நிஜத்தில் மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளமே 17 செ.மீ.தான். மேலிருந்து பார்க்கும்போது தெரியாது, மேஜை மட்டத்துக்குக் குனிந்து பார்த்தால் கண்ணை உறுத்தும்.

இன்னொரு நுணுக்கம், ஆர்வமில்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். என்-ஸ்கேல் என்றால் பொதுவாக 1:160, ஆனால் ஜப்பானியர்கள் தங்கள் சாதாரண ரயில்களை 1:150இல் செய்கிறார்கள், புல்லட் ரயிலான ஷின்கான்சென் மட்டும் 1:160. அங்கே பழைய பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி 1067 மி.மீ., 150ஆல் வகுத்தால் 7 மி.மீ. சொச்சம், ஓடுவதோ 9 மி.மீ. டிராக்கில். அதாவது லோகோ கொஞ்சம் காலை அகட்டித்தான் நிற்கிறது. நம்ம அகலப்பாதைக்கு நேர்மாறு, 1676ஐ 160ஆல் வகுத்தால் 10.5 வரும், 9 போதாது. இதற்கெல்லாம் தூக்கம் கெடுகிறவராக இருந்தால் என்-ஸ்கேல் பக்கம் வராதீர்கள்.

லோகோ 12 செ.மீ. நீளம்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் வாசல் கைப்பிடிகூடத் தெரிகிறது. பவர் பேக்கின் குமிழை மெதுவாகத் திருப்பினால் ஊர்ந்து கிளம்புகிறது, ஹெச்ஓவில் நான் பார்த்த சில மலிவு லோகோக்கள் போல எகிறிக் குதிப்பதில்லை. வேகனில் ஐந்து கன்டெய்னர்கள், ஒவ்வொன்றும் இரண்டரை செ.மீ.கூட இல்லை, கழற்றி மாற்றலாம், அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படிக்க நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு லென்ஸ் வேண்டும்.

ஆனால் ஹெச்ஓ ஆட்கள் கவனிக்க வேண்டியது இந்த எடை விஷயம். நீளத்தில் பாதிக்குச் சற்று மேல் இருக்கிற லோகோ, கன அளவில் ஆறில் ஒரு பங்குதான் தேறும். எடையும் ஏறக்குறைய அப்படியே குறைகிறது, சக்கரம் தண்டவாளத்தை அழுத்துகிற அழுத்தமும் குறைகிறது, ஹெச்ஓ லோகோ நசுக்கிக்கொண்டு போய்விடுகிற தூசிக்கு இது நின்றுவிடுகிறது. ஃபேன் ஓடுகிற அறை, திறந்த ஜன்னல், நம்மூர்த் தூசி, கேட்க வேண்டுமா? ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் தண்டவாளத்தைத் துடைத்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் ஓட்டுகிறேன், அப்போது சிக்கல் வருவதில்லை. வேகன் தடம் புரண்டால் விரலால் சக்கரத்தை ஏற்றுவதும் பொறுமையைச் சோதிக்கும், ரீரெய்லர் என்கிற பிளாஸ்டிக் சறுக்கு ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

அப்புறம் மின்சாரம். ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. அங்கிருந்து தருவித்தால் அடாப்டரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுச் செருகுங்கள்.

இவ்வளவு சொல்லியும் நான் ஹெச்ஓ பக்கம் அதிகம் திரும்பாததற்குக் காரணம் ரயிலின் நீளம். நம்ம எல்ஹெச்பி கோச் பத்தை ஹெச்ஓவில் கோத்தால் 2.7 மீட்டர், என்-ஸ்கேலில் ஒன்றரை மீட்டரில் முடிந்துவிடும். கூடுதலாக வேகன் வாங்கி மாட்டி, அந்தக் கடைசி வேகன் வளைவைத் தாண்டும்போது லோகோ எதிர்ப்பக்கம் நேர்ப்பாதையில் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தபோதுதான் சரக்கு ரயில் என்று நம்பத் தோன்றியது. லோகோவின் நட்டு போல்ட்டை ரசிப்பவர்களுக்கு, உள்ளே ரயில் சத்தம் எழுப்புகிற சவுண்ட் டீகோடர் ஸ்பீக்கர் எல்லாம் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஹெச்ஓவே சரி, இதில் அதற்கு இடம் பிடிப்பது பெரும்பாடு.

இன்னும் சின்னதாகப் போகலாமே என்பவர்களுக்கு 1972 முதல் மார்க்லின் விற்கிற இசட் ஸ்கேல் இருக்கிறது, 1:220. தூசிக் கணக்கை மேலே சொன்னபடி போட்டுப் பார்த்து நான் ஒதுங்கிக்கொண்டேன். அடுத்து வாங்கப்போவது கேட்டோவின் வி1 பெட்டி, ஒரு ரயில் ஒதுங்கி நிற்க லூப் லைனும், ரயிலைத் தடம் மாற்றிவிடும் மின்சாரப் பாயின்ட்டும் அதில் வருகிறது, மேஜை இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தால் தேவலை.