கோஸ் புழுவுக்கு எது? சூடோமோனாஸா, பி.டி.யா, ஸ்பினோசாடா?

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி வைப்பவர்களும், ஓசூர், தளி பக்கம் கோஸ், காலிபிளவர் வைப்பவர்களும் கடையில் "புழுவுக்கு இயற்கை மருந்து குடுங்க" என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது சூடோமோனாஸ் பாக்கெட். நல்ல சரக்குதான், ஆனால் அது புழுவுக்கான மருந்தே இல்லை. அது ஒரு மண் பாக்டீரியா, வேரில் குடியேறி வாடல், நாற்றழுகல் பூஞ்சைகளை அடக்கும், செடிக்கு எதிர்ப்புச் சக்தியையும் கொஞ்சம் கூட்டும். கிலோ விதைக்கு 10 கிராம் போட்டு விதைநேர்த்தி செய்யுங்கள், நடவு வயலில் தொழுவுரத்தோடு கலந்து போடுங்கள், அதுவே போதும். இலை சல்லடையான பிறகு இதைத் தெளித்தால் காசுதான் போகும்.

கோஸில் வைரமுதுகுப் புழு, தக்காளியில் காய்ப்புழு என்றால் என் ஓட்டு பி.டி.க்குத்தான் (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பதன் சுருக்கம்). இதுவும் மண் பாக்டீரியாதான். புழு தின்றால்தான் வேலை செய்யும்: அதன் குடலில் உள்ள காரத்தன்மையில் நச்சுப் புரதம் கரைந்து குடல் சுவரைக் கிழித்துவிடும். சில மணி நேரத்தில் தின்பது நிற்கும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாள் காலையில் புழு இலையிலேயே ஒட்டியிருப்பதைப் பார்த்து அடுத்த டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். இலையில் புதுசாகப் பச்சை எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாய் கட்டியாச்சு. வெயிலில் வீரியம் போய்விடும், அதனால் சாயங்காலம், புழு சின்னதாக இருக்கும்போதே, லிட்டருக்கு 2 கிராம் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். கோஸ் இலையில் தண்ணீர் நிற்காது, ஒட்டும் திரவம் கட்டாயம்.

ஸ்பினோசாட் இன்னொரு மண் பாக்டீரியா சுரக்கும் பொருள். உடம்பில் பட்டாலும் கொல்லும், வேகமும் அதிகம், இலைப்பேனுக்கும் கேட்கும். ஆனால் விலை கூடுதல், ஈரம் காயும்வரை தேனீக்கும் ஆபத்து. வைரமுதுகுப் புழு இரண்டுக்குமே பழகிக்கொள்ளும் சாதி என்பதால், பி.டி.யை முதலில் அடித்து, அடங்காவிட்டால் மட்டும் இதற்கு மாறுவேன். வெள்ளை ஈ, அசுவினிக்கு பி.டி. உதவவே உதவாது, அவை சாறு உறிஞ்சுபவை.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு முக்கியமான விஷயம், பட்டு. 1901ல் ஜப்பானில் இஷிவாட்டா இந்த பி.டி. பாக்டீரியாவைப் பிரித்தெடுத்ததே செத்துப்போன பட்டுப்புழுவிலிருந்துதான். ஸ்பினோசாடும் பட்டுப்புழுவை விடாது. பக்கத்துக் காட்டில் மல்பெரி இருந்தால் காற்றடிக்கும்போது இரண்டையுமே தெளிக்காதீர்கள், அந்த அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தக்காளிக் காய்ப்புழுவுக்கு அங்கே என்.பி.வி. வைரஸ் கரைசல் போதும், அது அந்தப் புழுவை மட்டும்தான் தாக்கும்.