ஏற்காடு ஒண்டிக்கடை பக்கத்து ஜெராக்ஸ் கடை: ஓட்டு மாற்றப் போனோம்

ஒண்டிக்கடை பக்கம் ஜெராக்ஸ், பட்டா, ஆதார் பிரிண்ட் எல்லாம் எடுத்துக் கொடுக்கிற சின்னக் கடை. ஒரு அக்கா தனியாக நடத்துகிறார். பக்கத்து விடுதியில் சமையல் வேலை செய்யும் இரண்டு மணிப்பூர் பெண்களைப் போன மாதம் அங்கே கூட்டிப் போனேன். 2023 மே கலவரத்தில் இம்பாலில் வீடு எரிந்து, சூராசந்த்பூர் நிவாரண முகாமில் கொஞ்ச காலம் இருந்து, அப்புறம் வேலை தேடி இங்கே வந்தவர்கள்.

2024 மக்களவைத் தேர்தலில் மணிப்பூர் முகாம்களில் இருந்தவர்களுக்காக 94 சிறப்பு வாக்குச்சாவடிகள் வைத்தார்கள். மாநிலத்தை விட்டே வெளியேறியவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை, உச்ச நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. இந்த இருவரும் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடவில்லை. எனக்கு இது மனசில் உறுத்துவதற்குக் காரணம் உண்டு. மேட்டூர் அணைக்காக ஊரை விட்டு வந்த குடும்பம் எங்களுடையது. அணையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் மூழ்கிப்போன கோயிலின் நந்தி தெரிகிறதே, அந்தப் பக்கம்தான். 1934-ல் அணை முடிந்தபோது ஓட்டே சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான், நிலம் போனவன் யாரிடம் போய்க் கேட்பான்?

முதலில் கீழே டவுனில் ஒரு இடத்தில் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, புது வாக்காளருக்கான படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பம் தள்ளுபடி. ஏற்கெனவே பெயர் உள்ளவர்கள் இடம் மாற்றப் படிவம் 8 போட வேண்டும் என்று இந்த அக்காதான் சொன்னார். படிவத்துக்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது, ஸ்கேனுக்கும் பிரிண்டுக்கும் மட்டும் 60 ரூபாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

நான் பாராட்டுவது அடுத்து நடந்ததை. கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே, "இங்க பேர் ஏறினா அங்க எடுத்துருவாங்க, பரவாயில்லையா?" என்று கேட்டார். இளையவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எரிந்த வீட்டுக்கு இழப்பீடு கேட்க, திரும்பிப் போகணும் என்று சொல்ல, அந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிற பெயர்தான் அவளுக்கு மிச்சம். பெரியவள் வேறு மாதிரி யோசித்தாள். இரண்டு வருஷமாக இங்கே தண்ணீருக்கும் ரேஷனுக்கும் அலைகிறேன், இங்கே ஓட்டு இருந்தால்தான் யாராவது காது கொடுப்பார்கள் என்றாள். இரண்டுமே நியாயம்தான். அக்கா யாரையும் அவசரப்படுத்தவில்லை, வரிசையில் ஆள் நின்றும்.

விடுதி அறையில் தங்குவதால் பெரியவளிடம் வாடகை ஒப்பந்தம் இல்லை. பேங்க் பாஸ்புக்கில் முகவரி மாற்றிக்கொண்டு வரச் சொன்னார், மறுவாரம் பதிவு செய்தோம். விசாரிக்க பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வருவார், அன்று அறையில் இரு என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். ஏற்காடு கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் வருகிறது என்பதைச் சொல்லி, எம்.எல்.ஏ., எம்.பி. பெயர்களையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். யாரும் கேட்காமலே.

இளையவளுக்கு அவள் ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடி, பாகம் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துத் தந்தார். அஞ்சு ரூபாய்.

குறை என்றால் உட்கார ஒரே நாற்காலி, சர்வரும் மெதுவு. காலை பதினோரு மணிக்குள் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் கரண்ட் போய்விடும்.