லப்டொப் வேகம்: ஏற்றுவதா, இறக்குவதா?

உங்கள் கையில் இருக்கும் லப்டொப்பை ஓவர்குளொக் செய்யவே, அதாவது நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட வைக்கவே, முடியாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இன்டெல் புரொசெஸரின் பெயர் யூ, பி, எச் என்று முடிந்தால் அதன் மல்டிபிளையர், அதாவது வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண், பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டது. 2015இல் வந்த ஐ7-6820எச்கே, 2018இல் வந்த ஐ9-8950எச்கே, 2022இல் வந்த ஐ9-12900எச்எக்ஸ் என்று சிலவற்றைத்தான் திறந்து விட்டிருக்கிறார்கள். கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ மாமா கொண்டுவந்து தந்த பழைய அலுவலக லப்டொப்பில் அவற்றைத் தேடிப் பயனில்லை.

சரி, வேறு வழி? சிப் இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை உயர்த்தலாம், வோல்ட்டேஜைக் குறைக்கலாம், திறந்து தூசு தட்டி, சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றலாம். ஓவர்குளொக்கோடு சேர்த்து நான்கையும் யாழ்ப்பாண வெயிலில் வைத்துப் பார்த்தால், வேகத்தை நேரடியாக ஏற்றுகிற வழிதான் கடைசி இடத்துக்குப் போகிறது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. புரொசெஸர் உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ வேகத்துக்கும் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். வேகத்தை 10 சதவீதம் ஏற்ற, வோல்ட்டேஜையும் 10 சதவீதம் ஏற்ற வேண்டி வந்தால், வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்; 45 வாட் 60 வாட் ஆகிறது. இதனால் கிடைப்பது என்ன? ஒரு மணித்தியாலம் ரெண்டர் ஆகும் சாமத்திய வீட்டு வீடியோ, எல்லாம் சரியாக நடந்தால், 55 நிமிடத்தில் முடியும். ஆனால் எல்லாம் சரியாக நடக்காது. இணையத்தில் நாம் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறைகளில் நடப்பவை. இங்கே சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 33, 34 பாகைக்குப் போகும். சீற் போட்ட அறையென்றால் அதற்கும் மேல். அறை பத்துப் பாகை கூடினால் சிப்பும் ஏறத்தாழ அந்தப் பத்தையும் சேர்த்துக் காட்டும். பெரும்பாலான இன்டெல் சிப்புகள் 100 பாகையைத் தொட்டதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் ஏற்றியதை அது இறக்கிவிடும், விசிறி இரைச்சல்தான் மிச்சம்.

மின் வரம்பை உயர்த்துவது இதைவிடக் கொஞ்சம் நியாயமான வழி. யூ வகைச் சிப்புகளில் பலவற்றுக்கு நீண்ட நேர வரம்பு 15 வாட். முதல் 28 செக்கன் அளவுக்கு அதைத் தாண்டிப் பாயலாம், அப்புறம் பழைய இடத்துக்கே வந்துவிட வேண்டும். எக்செல் திறப்பதும் பிரவுசரில் பக்கம் மாற்றுவதும் அந்தப் பாய்ச்சலுக்குள் முடிந்துவிடுவதால் வரம்பை உயர்த்தி ஒன்றும் தெரியாது. ரெண்டர், சிமுலேஷன் போன்ற நீண்ட வேலைக்குத்தான் 15ஐ 20 ஆக்குவதில் பயன். தடித்த உடம்பும் பெரிய விசிறியும் உள்ள மெஷினில் செய்து பார்க்கலாம். விரல் தடிப்பில் இருக்கும் மெல்லிய லப்டொப்பில் வேண்டாம். அங்கே சிப்புக்கு வெப்பமானி இருக்கிறது. அருகில் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பாகங்களுக்கும், பக்கத்தில் சூடேறிக் கிடக்கும் பற்றரிக்கும் என்ன நடக்கிறது என்பது உங்கள் திரையில் வராது. பற்றரி சூட்டில்தான் சீக்கிரம் கிழடாகிறது.

நான் பரிந்துரைப்பது வோல்ட்டேஜைக் குறைப்பதைத்தான். கேட்க முரணாக இருக்கும், ஆனால் இதுவும் வேகம் கூட்டும் வழி. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் அதே வேகத்துக்கு ஏறத்தாழ 19 சதவீதம் குறைந்த மின்சாரம் போதும். 15 வாட் வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கும் சிப்புக்கு அந்த மிச்சம் கிடைத்ததும், அது தானாகவே இன்னும் மேலே ஓடும்.

த்ரொட்டில்ஸ்டொப் என்ற இலவச மென்பொருளில் கோர் (கணக்குச் செய்யும் பகுதி), கேஷ் (அதன் சிறு நினைவகம்) இரண்டுக்கும் ஒரே அளவாக 50 மில்லிவோல்ட் குறைத்துத் தொடங்குங்கள். ஒழுங்காக ஓடினால் பத்துப் பத்தாக இறங்கலாம். உறைந்து நின்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, அந்த அளவில் இருந்து இருபது மேலே வந்து நில்லுங்கள். பக்கத்து வீட்டுப் பெடியனின் லப்டொப்பில் 90 ஓடியது என்பதற்காக உங்களுடையதில் ஓடாது. ஒரே மொடலின் இரண்டு சிப்புகளே ஒத்துப்போவதில்லை. இந்த வழியின் பெரிய அனுகூலம், மாற்றம் பயோஸில், அதாவது மெஷினைத் தொடக்கும் உள் மென்பொருளில், எழுதப்படுவதில்லை. மறுபடி தொடக்கினால் பழையபடி. அதனால் விண்டோஸோடு சேர்ந்து தொடங்கும்படி அமைப்பதை மட்டும் சில நாள் தள்ளிப் போடுங்கள். மெஷின் உறையவில்லை என்பதும் போதாது. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் வியா (WHEA) என்ற பெயரில் வன்பொருள் பிழைகள் விழுந்திருந்தால் அந்த அளவு கூடாது.

ஒரு சிக்கல் உண்டு. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானது. வோல்ட்டேஜைக் குறைத்தே சிப்பின் பாதுகாப்பான பகுதியைப் பிழை செய்ய வைக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பின் வந்த பயோஸ்களில் பல நிறுவனங்கள் இந்த வசதியைப் பூட்டிவிட்டன. பூட்டியிருந்தால் பழைய பயோஸுக்குத் திரும்பச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. வேண்டாம். பற்றரி செத்த லப்டொப்பில் பயோஸ் எழுதும்போது கரண்ட் போனால், வோல்ட்டேஜ் பற்றி யோசிக்க மெஷினே இருக்காது. ஏஎம்டி ரைசன் லப்டொப்கள் பலவற்றிலும் இந்த வழி அடைபட்டது. ரைசன்அட்ஜ் என்ற மென்பொருள் மூலம் மின் வரம்பையும் வெப்ப வரம்பையும் மாற்றலாம்.

தூசு தட்டுவது எல்லாருக்கும் பொருந்தும். சோளகம் அடிக்கும் மாதங்களில் முற்றத்து மண் முழுக்க அறைக்குள் வரும்; அது விசிறிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் பஞ்சுபோலப் படிந்து காற்றை மறித்துவிடும். திறந்ததும் முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சில வருடம் பழகிய லப்டொப்பில் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் பூசச் சொன்னால் மறுத்துவிடுங்கள்: அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரிக்கும், ஒரு துளி மதர்போர்டில் விழுந்தால் ஷோர்ட்.

எச்கே, எச்எக்ஸ் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் செய்த பிறகும் மல்டிபிளையரைத் தொட ஆசைப்பட்டால், வோல்ட்டேஜைக் கூட்டாமல் ஒரு படி ஏற்றிப் பாருங்கள். சோதனையை மார்கழிக் குளிரில் வைக்காமல் வைகாசி மத்தியானத்தில் வையுங்கள். அடப்டரின் வாட் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: செருகியிருக்கும்போதே பற்றரி இறங்கினால், அது கொடுப்பதைவிட அதிகமாக மெஷின் இழுக்கிறது.