டர்பனிலிருந்து கிளவுட் சர்வர்: அமேசானா, மைக்ரோசாஃப்டா, கூகுளா?

1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் 342 பேரை இறக்கியது. 1911 வரை இப்படிக் கரும்புத் தோட்டக் கூலிக்கு வந்து சேர்ந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டு எழுதிவைத்தார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் எங்கள் குழு, அந்த எண்களையும் கப்பல் பெயர்களையும் இன்றைய குடும்பங்களோடு இணைக்கும் பதிவேடு ஒன்றை வளர்த்து வருகிறது. அதோடு வகுப்பின் ஒலிப்பதிவுகளும் உண்டு.

முதலில் இதெல்லாம் மண்டபத்தில் இருந்த பழைய கணினியில் ஓடியது. மின்வெட்டு அட்டவணை வந்த நாட்களில் யூபிஎஸ் தாங்கவில்லை, டிஸ்க் போயிற்று. பிறகு ஐரோப்பாவில் வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தோம். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் அருகே வாக்ஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் ஆகிய நான்கு கடலடிக் கேபிள்களும் ஒரே நாளில் பழுதாயின. செங்கடலில் சீகாம் கேபிள் அதற்கு முந்தைய மாதமே அறுந்திருந்தது. அந்த வாரம் எங்கள் பக்கம் திறப்பதற்குள் ஆட்கள் சலித்துப் போனார்கள். வகுப்பை நடத்தும் அக்கா கேட்டார்: "தம்பி, நம்ம பெயர்களை நம்ம நாட்டிலேயே வைக்க முடியாதா?"

முடியும். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூர் 2019 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் இரண்டு இடங்களிலும் ரீஜன் (வாடகைக் கணினிகள் இருக்கும் டேட்டா சென்டர் தொகுதி) திறந்தது. அமேசான் 2020 ஏப்ரலில் கேப் டவுனுக்கு வந்தது. கூகுள் 2024 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க்கில் திறந்தது. இதில் எனக்கு நெகிழ்ச்சியான ஒரு சங்கதி உண்டு. இன்று உலகமே பயன்படுத்தும் அமேசானின் ஈசி2 என்ற வாடகைக் கணினிச் சேவையை உருவாக்கியது கிறிஸ் பிங்க்ஹாம் தலைமையில் கேப் டவுனில் இருந்த ஒரு சிறு குழு. 2006 ஆகஸ்டில் அது சோதனைக்கு வெளிவந்தது. பிறந்த ஊரிலேயே அதை ஓட்டுவதற்கு 14 வருடம் ஆனது.

தூரத்தை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சாலைவழி 570 கிலோமீட்டர் அளவு, கேப் டவுன் 1,600 அளவு. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டுக்கு 200 கிலோமீட்டர் போகும். போய் வர ஓரிடத்துக்கு 6, மற்றதற்கு 16 மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் பக்கம் திறப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஐரோப்பாவுக்குப் போய் வர 150-ஐத் தாண்டும், அது தெரியும்.

திருவிழா நாளை நினைத்துத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் சர்வர் வருடத்தில் முக்கால்வாசி நாள் சும்மா இருக்கும். தைப்பூசக் காவடிக்குக் கூடும் குடும்பங்கள் "நம்ம தாத்தாவுக்குத் தாத்தா எந்தக் கப்பல்?" என்று கைப்பேசியில் தேட ஆரம்பிப்பார்கள். புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் கூட்டம் சேரும்போதும் இதே கதை. இப்படிப்பட்ட வேலைக்கு மூன்று நிறுவனமும் மலிவு விஎம் (மெய்நிகர் கணினி) வைத்திருக்கின்றன. ஆனால் சுமை மணிக்கணக்கில் ஏறி நிற்கும்போது மூன்றும் நடந்துகொள்வது மூன்று விதம்.

அமேசானின் டி3 வகை விஎம், சும்மா இருக்கும் நேரத்தில் கிரெடிட் (பிறகு வேகமாக ஓடுவதற்கான சேமிப்பு) சேர்க்கிறது. டி3.ஸ்மால் என்றால் ஒவ்வொரு விசிபியூவிலும் (விஎம்மின் செயலி) 20 சதவீதம்தான் அடிப்படை வேகம். அதற்கு மேல் போனால் சேமிப்பு கரையும். கரைந்து தீர்ந்தாலும் வேகம் குறையாது, ஏனென்றால் 'அன்லிமிடெட்' முறையில்தான் டி3 தொடங்குகிறது. கூடுதல் ஓட்டத்துக்கு லினக்ஸில் ஒரு விசிபியூ-மணிக்கு 5 அமெரிக்க சென்ட் பில்லில் சேரும். இரண்டு விசிபியூவும் பத்து மணி நேரம் முழு மூச்சில் ஓடினாலும் ஒரு டாலருக்குள் அடங்கும். காவடி நாளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் யாராவது உள்ளே புகுந்து கிரிப்டோ தோண்ட வைத்துவிட்டால் அதே வசதி மாதம் முழுக்கப் பணத்தைக் கறக்கும்.

அஸூரின் பி வரிசையும் கிரெடிட் முறைதான். அங்கே கிரெடிட் தீர்ந்தால் அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும், பில் ஏறாது. கூகுளின் ஈ2-மீடியத்தில் கிரெடிட் கணக்கே இல்லை. இரண்டு விசிபியூ காட்டும், தொடர்ந்து கிடைப்பது மொத்தத்தில் ஒன்றின் அளவு, நடுநடுவே கொஞ்ச நேரம் இரண்டையும் தொடலாம். எளிமையாகப் புரிவது இதுதான்.

அமைப்பதில் கூகுள் சுலபம். விஎம்முக்குள் நுழைந்து கட்டளை தரும் எஸ்எஸ்எச் சாளரம் உலாவியிலேயே திறக்கும், கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவிக் கோப்பைத் தேட வேண்டாம். சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் காட்ட நான் இதைத்தான் எடுப்பேன். ஒரு எச்சரிக்கை: தானாக உருவாகும் 'டீஃபால்ட்' நெட்வொர்க்கில் எஸ்எஸ்எச் நுழையும் வாசலான போர்ட் 22 உலகத்துக்கே திறந்திருக்கும். அந்த விதியை முதலில் மாற்றுங்கள். அமேசானில் புதுக் கணக்கில் கேப் டவுன் ரீஜன் மூடியே இருக்கும், கணக்கு அமைப்பில் போய் இயக்க வேண்டும். சாவிக் கோப்பை உருவாக்கும்போதே இறக்கிக்கொள்ள வேண்டும், மறுபடி கிடைக்காது. அஸூரில் ஒரு விஎம் கேட்டால் டிஸ்க், நெட்வொர்க் கார்டு, பொது ஐபி, ஃபயர்வால் விதி என்று தனித்தனியாகப் பிறக்கும். எல்லாவற்றையும் ரிசோர்ஸ் குரூப் என்ற ஒரே தொகுப்பில் போட்டால் வேண்டாதபோது குரூப்பை அழித்தால் போதும். பொறுப்பு கைமாறிக்கொண்டே இருக்கும் தன்னார்வலர் குழுவுக்கு இது பெரிய உதவி.

நிறுத்துவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அமேசானிலும் கூகுளிலும் விஎம்முக்குள்ளிருந்து ஷட்டவுன் செய்தால் கணினி வாடகை நிற்கும், டிஸ்க் வாடகை மட்டும் ஓடும். அஸூரில் உள்ளிருந்து நிறுத்தினால் வாடகை தொடரும். அஸூரின் போர்ட்டல் வலைப்பக்கத்தில் நிறுத்தி 'டீஅலோகேட்டட்' (கணினி விடுவிக்கப்பட்டது) என்று வர வேண்டும். இன்னொன்று: நிறுத்திவைத்த விஎம்மைக் கூகுளின் கட்டளைவரி 'டெர்மினேட்டட்' என்று காட்டும், அது பத்திரமாக இருக்கிறது. அமேசானில் 'டெர்மினேட்' செய்தால் விஎம் அழிந்தது, வழக்கமாக அதன் மூல டிஸ்க்கும் சேர்ந்தே அழியும். இரண்டையும் கையாளும் ஆள் இதை ஒட்டுத்தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிவைக்க வேண்டும்.

செலவுக்கு வருவோம். கேப் டவுனிலிருந்து இணையத்துக்கு வெளியேறும் தரவுக்கு அமேசான் ஒரு ஜிபிக்கு 15.4 சென்ட் வாங்குகிறது, அயர்லாந்தில் 9. மாதம் முதல் 100 ஜிபி இலவசம். 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர ஒலிப்பதிவு சுமார் 29 எம்பி, ஆக 3,400 முறை இறக்கும்வரை கவலையில்லை. எங்கள் வகுப்புக்கு அது போதும். பட்டியல் டாலரில் இருப்பதுதான் தொல்லை. ராண்ட் ஆடும்போதெல்லாம் பில்லும் ஆடும், மேலே 15 சதவீதம் வாட் வரி. குழுவின் பொருளாளருக்கு ராண்டில் ஒரு தொகை சொல்லியாக வேண்டும்.  உள்ளூர் விபிஎஸ் (சிறு வாடகை சர்வர்) நிறுவனங்கள் மாதம் ஒரே ராண்ட் தொகை என்று தருகிறார்கள். வெறும் வலைப்பக்கம் என்றால் அங்கேயே போகலாம்.

எங்களிடம் இருப்பது வெறும் வலைப்பக்கம் அல்ல. குடும்பங்கள் தொலைபேசி எண் தருகிறார்கள், எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று எழுதுகிறார்கள். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலாகும் போப்பியா என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர்த் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு மத நம்பிக்கையைச் சிறப்புத் தனிநபர்த் தகவலில் சேர்க்கிறது. 72-ஆம் பிரிவு தகவல் வெளிநாடு போவதைத் தடுக்கவில்லை, நிபந்தனை போடுகிறது. நாட்டை விட்டே போகாவிட்டால் அந்தக் கேள்வி எழாது. அமேசானுக்கும் கூகுளுக்கும் இங்கே ஒரே ஒரு ரீஜன். ஊருக்குள் மூன்று சோன் (தனித்தனி டேட்டா சென்டர் பகுதி) இருந்தாலும், இன்னொரு நகரத்தில் இரண்டாம் நகல் வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். அஸூரின் கேப் டவுன் ரீஜனில் நேரடியாக விஎம் எழுப்புவதற்கு விசேஷ அனுமதி கேட்க வேண்டும். ஆனால் ஜோகன்னஸ்பர்க் சேமிப்பை ஜிஆர்எஸ் (இன்னொரு ரீஜனிலும் நகல் வைக்கும்) முறையில் வைத்தால் நகல் தானாகக் கேப் டவுனுக்குப் போய்விடும். அமேசானின் திருவிழா நாள் வசதியை நான் விட்டுக்கொடுத்தது இதற்காகத்தான். பதிவேடு ஜோகன்னஸ்பர்க் அஸூரில், பி வரிசையின் பி2எஸ் விஎம்மில் இருக்கிறது. கிரெடிட் தீர்ந்து வேகம் இறங்கும் சிக்கலுக்கு, காவடிக்கு முந்தைய இரவு பெரிய அளவுக்கு மாற்றி மறுநாள் இறக்கிவிடுகிறோம். ஒரு ரீஸ்டார்ட் ஆகும், அவ்வளவுதான்.

போன வருடம் காவடிக்கு முந்தைய வாரம் நகலிலிருந்து புது விஎம் ஒன்றை எழுப்பிப் பார்த்தோம். படிகளை நான் தமிழில் எழுதித் தந்த தாளை வைத்துக்கொண்டு அக்காவே செய்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் தன் கொள்ளுத்தாத்தாவின் எண்ணைத் தேடினார். பெயரும் கப்பலும் வந்தன. பிறகு அந்தச் சோதனை விஎம்மின் ரிசோர்ஸ் குரூப்பை அழித்துவிட்டு விளக்கை அணைத்தோம்.