பெயர் நம்பர் பிளேட்: பழைய வரிசையா, புதிய வரிசையா?

பிரிட்டனில் காருக்குப் பெயர் தெரியும்படி ஒரு நம்பர் வாங்க இறங்குபவர்கள் முதலில் விலையைத்தான் பார்க்கிறார்கள். நான் என் காருக்கு ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். யாராவது யோசனை கேட்டால் விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் 33 மில்லிமீட்டரைப் பாருங்கள் என்பேன். அது என்ன கணக்கு என்று கீழே வருகிறேன்.

சந்தையில் கிடைப்பவை நான்கு வகை. 2001 செப்டம்பரில் தொடங்கிய புதிய வரிசையில் இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், ஓர் இடைவெளி, மூன்று எழுத்து என்று வரும். அதற்கு முன், 1983 முதல் 2001 வரை வந்த வரிசையில் ஓர் எழுத்து, ஒன்று முதல் மூன்று இலக்கம், இடைவெளி, மூன்று எழுத்து. இதை இங்கே பழைய வரிசை என்றே சொல்கிறேன். 1963 முதல் 1983 வரை வந்தது இதற்குத் தலைகீழ்: மூன்று எழுத்து முன்னால், இலக்கமும் ஓர் எழுத்தும் பின்னால். இந்த மூன்றிலும் கார் எந்த ஆண்டுப் பதிவு என்பது எண்ணிலேயே தெரியும்; அதற்கும் முந்தையவை ஆண்டே சொல்லாத எண்கள்.

ஆண்டு சொல்லாத எண்கள் அழகுதான். ஆனால் நல்லவை எல்லாம் நம் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. 2014-இல் டிவிஎல்ஏ (வண்டிப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பு) நடத்திய ஏலத்தில் ‘25 ஓ’ என்ற எண் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 5 லட்சத்து 18 ஆயிரம் பவுண்டுக்குப் போனது. குறைந்த செலவில் ஆண்டை மறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் வட அயர்லாந்து எண்கள் இருக்கின்றன. நான் அதை வாங்கிப் பார்த்ததில்லை. முதலெழுத்துகளை வைத்துக்கொள்ள அது போதும், முழுப் பெயரை எழுத இடம் தராது. 1963 வரிசையும் அப்படித்தான், மூன்றெழுத்துச் சுருக்கப் பெயர் உள்ளவர்களுக்கு ஒத்துவரும். ஆக, சாதாரணச் சம்பளக்காரர் தன் பெயரை எழுதிப் பார்க்க உண்மையில் போட்டியிடுபவை இரண்டுதான்: பழைய வரிசை, புதிய வரிசை. நான் எடுத்தது பழையது. இன்று மறுபடி வாங்கினாலும் அதையே எடுப்பேன்.

சரி, அந்த 33 மில்லிமீட்டர். காரின் பிளேட்டில் ஒவ்வோர் எழுத்தும் 79 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம், கோட்டின் தடிமன் 14 மி.மீ. இருக்க வேண்டும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 11 மி.மீ. இரண்டு தொகுதிகளுக்கு நடுவே 33 மி.மீ. இவை பரிந்துரைகள் அல்ல, சட்டம். எழுத்துகளை நெருக்கிப் பெயராக்கினாலும், 33-ஐ வேறோர் இடத்துக்குத் தள்ளினாலும், கறுப்புத் திருகாணியை வைத்து ஓர் எழுத்தை இன்னொன்றாகக் காட்டினாலும் குற்றமே. 1,000 பவுண்டு வரை அபராதம் வரலாம். எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையில் கார் தேறாது. எல்லாவற்றையும்விட மோசமானது, அந்த எண்ணையே டிவிஎல்ஏ திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். ஏனென்றால் எண் நமக்குச் சொந்தமில்லை, நாம் காசு கொடுத்து வாங்குவது பயன்படுத்தும் உரிமையை மட்டுமே.

இப்போது ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: ராஜன். பழைய வரிசையில் அது ‘ஆர்4 ஜேஏஎன்’. நான்கு என்ற இலக்கம் ‘ஏ’ போலத் தெரியும், அதனால் இடைவெளி ரா-வுக்கும் ஜன்-னுக்கும் நடுவில் விழுகிறது. வாயால் சொல்லும்போதும் பெயர் அங்கேதான் பிரிகிறது, எனவே சட்டப்படி வைத்த இடைவெளி கண்ணை உறுத்துவதே இல்லை. மலர் என்றால் ‘எம்4 எல்ஏஆர்’. கண்ணா என்றால் ‘கே4 என்என்ஏ’. ஒரு மெய், ஓர் அகரம், அதன் பிறகு மூன்று எழுத்து என்ற அமைப்பு நம் பெயர்களில் எத்தனை இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், தாள் நிறைந்துவிடும். இங்குள்ள ஆங்கிலப் பெயர்களைவிட நம் பெயர்களுக்கே இந்த வரிசை நன்றாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

அதே ராஜனைப் புதிய வரிசையில் எழுதினால் ‘ஆர்ஏ14 ஜேஏஎன்’ என்று வரும். 14 நடுக்கூடத்தில் தூண் மாதிரி நிற்கும், இடைவெளியும் அதற்குப் பிறகுதான் வரும். விற்பவர்கள் விளம்பரப் படத்தில் அந்த 14-ஐ எப்படியாவது மங்கலாக்கியோ, எழுத்துகளை அந்தப் பக்கம் நகர்த்தியோ காட்டுவார்கள். படத்தில் பெயர் பளிச்சென்று தெரியும். சட்டப்படி செய்த பிளேட்டைக் காரில் மாட்டிப் பார்த்தால் அந்தப் பெயர் இருக்காது.

வாங்குமுன் நான் செய்ததை யாரும் செய்யலாம், காசு செலவில்லை. எண்ணை உண்மையான அளவில் தாளில் வரைந்தேன். உயரம் 79, இடைவெளி 11, நடுவில் 33, எல்லாம் அளவுகோல் வைத்து. தாள்களை ஒட்டி, நின்றிருந்த காரின் பின்பக்கம் டேப்பால் பொருத்திவிட்டு 20 மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன். ஓட்டுநர் தேர்வில் கண் சரியாகத் தெரிகிறதா என்று நம்பர் பிளேட்டை வாசிக்கச் சொல்லும் தூரம் அதுதான். பட்டியலில் முதலிடத்தில் வைத்திருந்த ஒரு புதிய வரிசை எண் அங்கிருந்து பார்த்தபோது வெறும் எழுத்தும் இலக்கமுமாகத்தான் தெரிந்தது. பழைய வரிசையில் எழுதியது பெயராகவே கண்ணில் பட்டது. அன்றே முடிவாகிவிட்டது.

மறுவிற்பனையையும் இதே அளவுதான் தீர்மானிக்கிறது. நான் இன்னும் என் எண்ணை விற்கவில்லை, அதனால் இதை விற்பனைப் பட்டியல்களைப் பார்த்துப் பழகியவனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நகர்த்தி எழுதினால்தான் பெயராகும் என்ற எண்ணை வாங்க வருபவர் அபராதத்தையும் சேர்த்தே யோசிப்பார், பேரம் அங்கேயே இறங்கிவிடும். சட்டப்படியே வாசிக்க வருகிற எண்ணுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அதோடு, உங்கள் பெயரே இருக்கும் இன்னொருவர்தான் அதை வாங்கப்போகிறார் என்பதையும் மறக்காதீர்கள். வழக்கமான எழுத்துக்கூட்டலில் இருந்தால் அவர் கிடைப்பது எளிது. நமக்கு மட்டும் புரியும் கூட்டலில் வாங்கினால் அது நம்மோடே இருக்க வேண்டியதுதான்.

அடுத்து ஆண்டு விதி. ஒரு காரை உள்ளதைவிடப் புதியதாகக் காட்டும் எண்ணை அதில் போட முடியாது. ‘24’ உள்ள எண் 2024 மார்ச்சில் தொடங்கியது, ‘74’ அந்த ஆண்டு செப்டம்பரில். 2019-இல் பதிவான காருக்கு இவை இரண்டும் ஆகாது. பழைய வரிசை எண்ணோ 2001-க்குப் பிறகு வந்த எந்தக் காருக்கும் போகும். நாளைக்குக் காரை மாற்றி, காசு இறுக்கத்தில் ஒரு பத்து வயதுக் காரை எடுத்தாலும் எண் கூடவே வரும். புதிய வரிசையில் அந்த நிம்மதி இல்லை, இலக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கார் தேட வேண்டும்.

புதிய வரிசைக்கும் அதன் இடம் உண்டு. பெயரின் நடுவே ‘ச’ வருபவர்களுக்கு அது சில சமயம் அருமையாக அமையும். வசந்த் என்பதை ‘விஏ54 என்டிஎச்’ என்று எழுதலாம். ஐந்து ‘எஸ்’ ஆகிறது, நான்கு ‘ஏ’ ஆகிறது, இடைவெளியும் சரியான இடத்தில் விழுகிறது. 54 என்பது 2004 செப்டம்பர், இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒத்துவரும். இந்தப் பெயர் உள்ளவரிடம் பழைய வரிசைக்குப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

பழைய வரிசையின் குறை எழுத்துகளில் இருக்கிறது. அதன் முதல் எழுத்தாக ஐ, ஓ, யூ வராது. அதனால் இளங்கோ, ஓவியா, உமா போன்றவர்கள் ஏமாந்துபோவார்கள். பின்னால் வரும் மூன்று எழுத்திலும் ‘ஐ’ கிடையாது. ரவி, கவி, சாந்தி எல்லாம் கடைசியில் ஒய் அல்லது ஈ போட்டுச் சமாளிக்க வேண்டும். அப்படிச் சமாளித்தது உங்கள் கண்ணுக்கு உங்கள் பெயராகத் தெரிகிறதா என்பதை மேலே சொன்ன தாள் சோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது என்பதில் நான் அதிகம் யோசிக்கவில்லை. டிவிஎல்ஏ தளத்தில் நேரடியாக வாங்கினால் விலை 250 பவுண்டிலிருந்து தொடங்குகிறது, வரியும் 80 பவுண்டு பதிவுக் கட்டணமும் அதிலேயே அடக்கம். ஏலத்தில் அப்படி இல்லை. கேட்ட தொகைக்கு மேல் வாங்குவோர் கட்டணம், மதிப்புக்கூட்டு வரி, அந்த 80 பவுண்டு எல்லாம் ஏறும். தரகர்களிடம் யாரோ ஒருவர் ஏற்கெனவே வைத்திருக்கும் நல்ல எண் கிடைக்கலாம், அதற்கு அவர்கள் தேவைதான். ஆனால் டிவிஎல்ஏவிடம் விற்காமல் இருக்கும் எண்களையே தங்கள் பட்டியலில் கூடுதல் விலைக்குக் காட்டுபவர்களும் உண்டு. பிடித்த எண்ணைப் பார்த்தால் முதலில் அதை டிவிஎல்ஏ தளத்தில் தேடிப் பாருங்கள்.

நேரடியாக வாங்கினால் வி750 என்ற சான்றிதழ் வரும். ஏற்கெனவே ஒரு காரில் இருந்து கழற்றி வைத்த எண் என்றால் வி778. இரண்டும் பத்து ஆண்டுக்குச் செல்லும், முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும். எண் காரில் ஏறிய பிறகு உரிமை காரின் பதிவுப் பொறுப்பாளரிடம் போய்விடுகிறது, காசு கொடுத்தவரிடம் நிற்பதில்லை. அதனால் லீஸ் காரில் போடுமுன் வி5சி என்ற காரின் பதிவுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பொறுப்பாளர் லீஸ் நிறுவனம் என்றால், அவர்களிடம் எழுத்தில் வாங்காமல் எண்ணை அதில் ஏற்றவே கூடாது. காரை விற்கும்போதும் முதலில் எண்ணைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். கழற்ற 80 பவுண்டு ஆகும், அதை மறுபடி இன்னொரு காரில் ஏற்றத் தனிக் கட்டணம் இல்லை. விபத்தில் கார் முழுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் நிலை வந்தாலும், எண் எனக்கு வேண்டும் என்று உடனே சொல்லிவிடுங்கள்.

பிளேட்டைப் பதிவுபெற்ற கடையில்தான் செய்ய வேண்டும். அடையாள ஆவணமும், எண்ணின் மேல் உரிமை இருப்பதைக் காட்டும் வி5சி, வி750, வி778 ஆகியவற்றில் ஒன்றும் கேட்பார்கள். எதுவும் கேட்காமல் செய்து தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். 2021 செப்டம்பர் முதல் புதிதாகப் போடும் பிளேட்டில் பிஎஸ் ஏயூ 145இ என்ற தரக்குறியும், கடையின் பெயரும் அஞ்சல் குறியீடும் இருக்க வேண்டும். எழுத்து முழுக் கறுப்பு, நிழல் விழும் இரட்டை நிறம் கூடாது. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். புடைத்த எழுத்து பிடித்தால் போடலாம், அளவும் தரமும் மாறாமல் இருந்தால் சரி. பிளேட்டின் ஓரத்தில் பிரிட்டனின் கொடி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் கொடிகள், முழு மின்காருக்குப் பச்சைப் பட்டை ஆகியவைதான் அனுமதி. ஓம், வேல், சிலுவை எல்லாம் காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுங்கள், பிளேட்டில் வேண்டாம்.

எண் மாறிய அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள். சாலை வரியும் எம்ஓடி பதிவும் தாமாகவே புதிய எண்ணுக்கு மாறும். லண்டன் நெரிசல் கட்டணம், டார்ட்ஃபோர்ட் பாலத்துக் கட்டணம், வீட்டு வாசல் பார்க்கிங் அனுமதி போன்றவற்றில் பழைய எண் பதிந்திருந்தால் அவை தாமாக மாறாது. ஒவ்வொன்றிலும் நீங்களே உள்ளே போய் மாற்ற வேண்டும், இல்லையென்றால் கட்டிய கணக்கு ஒருபக்கம் இருக்க, அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும்.