கேப்டவுனில் மூன்று நாள் காஸ்ட்யூம் பயிற்சி: போய் வந்தவள் சொல்கிறேன்

தையல் தெரிந்தால் சினிமாவில் காஸ்ட்யூம் வேலை கிடைத்துவிடும் என்று நம்பித்தான் பணம் கட்டினேன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீடு. கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து வந்து பதினான்கு வருடம் ஜாக்கெட் தைக்கிறேன். கேப்டவுனில் நாத்தனார் வீடு இருந்ததால் தங்கும் செலவு இல்லை. கட்டணம் 2,400 ராண்ட், விமான டிக்கெட் தனி. சால்ட் ரிவர் என்ற பகுதியில் ஒரு பழைய தையல் ஆலையின் மாடியில் வெள்ளி, சனி, ஞாயிறு வகுப்பு. பத்துப் பேர் இருந்தோம்.

முதல் நாள் தையல் மெஷினையே தொடவில்லை. சொல்லிக்கொடுத்தவர் பல வருடம் படப்பிடிப்பில் ஆடை பார்த்த ஒரு அம்மா. ஆறு பக்க ஸ்கிரிப்டைக் கொடுத்து, கதையில் எந்த நாளில் யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பிரித்து எழுதச் சொன்னார். கதை போகிற வரிசையில் படம் எடுப்பதில்லை. வாசலைத் தாண்டுவது இன்றைக்கு, உள்ளே நுழைவது மூன்று வாரம் கழித்து. அதற்குள் சட்டைக் கை எத்தனை மடிப்பு, எந்தப் பட்டன் திறந்திருந்தது, பை எந்தத் தோளில் என்று எல்லாம் போட்டோவிலும் நோட்டிலும் இருக்க வேண்டும். ஒரு பையனுக்குச் சட்டை போட்டுக் காட்டி, கழற்ற வைத்து, டீ இடைவேளைக்குப் பிறகு அப்படியே திரும்பப் போட்டுவிடச் சொன்னார். நான் இடது கையை மூன்று மடிப்பு மடித்தேன். போட்டோவில் இரண்டரைதான், மணிக்கட்டுப் பட்டன் வெளியே தொங்கியது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

கால்ஷீட் என்றால் நம் ஊரில் நடிகர் கொடுக்கும் தேதி. இங்கே அது மறுநாள் வேலை முழுவதும் இருக்கும் தாள். முந்தின சாயங்காலம்தான் கைக்கு வரும். அதைப் படிக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள்.

இரண்டாம் நாள் புதுச் சட்டையைப் பழசாக்குவது. உப்புத்தாள், கம்பி பிரஷ், சீஸ் துருவி, தேயிலைத் தண்ணீர். கண்ட இடத்தில் தேய்க்கக் கூடாது. காலர் மடிப்பு, முழங்கை, பாக்கெட் வாய் என்று உடம்பு உரசும் இடம்தான் நையும். சண்டைக் காட்சி என்றால் நடிகருக்கு ஒன்று, அவருக்குப் பதில் விழுபவருக்கு ஒன்று, ரத்தக் கறைக்கு இரண்டு மூன்று என்று ஒரே சட்டை பல வேண்டும். எல்லாம் ஒரே அளவு நைந்திருக்க வேண்டும். மூன்று சட்டையை ஒன்றுபோல் ஆக்க எனக்கு நாலு மணி நேரம் ஆனது. இந்த ஒரு நாளுக்கே பணம் தரலாம்.

மூன்றாம் நாள் பழங்காலக் காட்சிகளுக்கான உடை. 1860-இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்த கரும்புத் தோட்டக் கூலிகள் காட்சி ஒன்றுக்கு வாடகைக் கிடங்கிலிருந்து புடவைகள் வந்திருந்தன. ஒன்றைத் தூக்கி ஓரத்தைத் திருப்பினேன். உள்ளே ஃபால்ஸ், முந்தானையில் மெஷின் பிக்கோ. அந்தக் காலத்தில் ஏது ஃபால்ஸ்? அப்புறம் உடுத்திக் காட்டிய விதமும் இன்றைய கட்டு, முன்கொசுவம், உள்பாவாடையோடு. வயலில் நிற்கும் எங்கள் ஆச்சி பின்கொசுவம் வைத்து, கரண்டைக்கு மேலே தூக்கிச் செருகித்தான் கட்டுவாள். எழுந்துபோய், தெரிந்தபடி ஒரு பெண்ணுக்குக் கட்டிக் காட்டினேன். அந்த அம்மா நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார், என் நம்பரையும் கேட்டார்.

குறை சொல்லியாக வேண்டும். “வேலைத் தொடர்புகள் தருகிறோம்” என்று விளம்பரம் போட்டவர்கள் கடைசியில் பதினொரு நம்பர் உள்ள ஒரு தாளைத் தந்தார்கள். நாலு நம்பர் வேலை செய்யவே இல்லை, இரண்டு பேர் தொழிலையே விட்டுவிட்டார்கள். வெளியூரிலிருந்து டிக்கெட் போட்டு வருகிறவர்களிடம் இப்படிச் செய்வது நியாயமில்லை. நான் போன மே மாதமும் சரியில்லை. அங்கே குளிர்கால மழை தொடங்கும் நேரம். விளம்பரப் படக் கம்பெனிகள் குவிவது அக்டோபருக்கு மேல், கோடையில். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் கற்றது ஆறுவதற்குள் வேலை கேட்கலாம்.

எனக்கு வேலை வந்தது அந்தத் தாளால் இல்லை, அந்தப் புடவையால். ஐந்து வாரம் கழித்து அந்த அம்மாவே கூப்பிட்டார். டர்பன் கடற்கரையில் ஒரு விளம்பரப் படம், இரண்டு நாள் தினக்கூலி. காலை ஐந்து மணிக்கு முப்பது பேர் சட்டைக்கு ஆவி பிடித்தேன், வெயிலில் ஒட்டிய உப்பைத் துடைத்தேன், ஒவ்வொரு ஷாட்டுக்கும் போட்டோ எடுத்து எழுதினேன். இரண்டு நாளிலும் தைத்தது ஒரே ஒரு பட்டன். டர்பன் ஆலையில் இருபத்திரண்டு வருடம் ஓவர்லாக் ஓட்டிய என் அத்தை அந்த நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். “இதுக்கா கூப்பிட்டாங்க? நல்லா எழுதியிருக்கே, தாயி” என்றார்.

தையல் கற்க நினைப்பவர்கள் போக வேண்டாம், அது அங்கே இல்லை. தைக்கத் தெரிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் பணம் கட்டும் முன்னே அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டு நம்பருக்காவது நீங்களே போன் போட்டுப் பாருங்கள்.